அண்ணாச்சிக்குப் பதிலாக

சிதம்பரநாதன் லஸ் முனையில் போய் நின்றால் பாதி மயிலாப்பூர் அவருக்கு வணக்கம் சொல்லும் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே சிதம்பரநாதன்தான். ஆனாலும் அது முழுப் பொய் இல்லை.

தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது வைரவன் அண்ணாச்சியின் சீருடைத் துணிக் கடை. பள்ளிக்கூடம், நர்சிங் ஹோம், ஹோட்டல் என்று மொத்தமாக எடுப்பவர்கள்தான் அங்கே வாடிக்கை. இந்த வியாபாரத்தில் துணியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எல்லாக் கடைக்கும் அதே மில்களிலிருந்துதான் துணி வருகிறது. ஆர்டர் கொடுக்கிறவருக்கு எந்தக் கடைக்காரன் முகம் ஞாபகத்துக்கு வருகிறதோ அவனுக்கு யோகம். ஆகவே கரஸ்பாண்டென்ட் வீட்டுக் கல்யாணம், ஹெட்மாஸ்டர் வீட்டுக் கிரகப்பிரவேசம், பர்சேஸ் ஆபீசர் மகளின் வளைகாப்பு என்று எல்லாவற்றுக்கும் கடையிலிருந்து ஒருவர் போய் முகம் காட்ட வேண்டும். அண்ணாச்சி ஒரே ஆள், எத்தனை பந்தியில் உட்காருவார்? அவருக்குப் பதிலாகப் போகிறவர் சிதம்பரநாதன்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இருவரும் ஏறக்குறைய ஒன்றாக மெட்ராஸுக்கு வந்தவர்கள். ஒருவர் முதலாளி ஆனார், ஒருவர் ஆகவில்லை. அதில் சிதம்பரநாதனுக்குத் துளியும் வருத்தம் இல்லை என்றால் நம்புவது கஷ்டம்தான், ஆனால் உண்மை. முதலாளியாக இருப்பதைவிட முதலாளிக்குப் பதிலாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. "அண்ணாச்சி அனுப்பிச்சாக" என்று சொல்லிக்கொண்டு ஒரு மண்டபத்துக்குள் நுழையும்போது அவருடைய உயரம் ஒரு சாண் கூடிவிடும்.

கல்யாணம்கூடப் பெரிதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சாவைத் துட்டி என்போம். வைரவன் அண்ணாச்சியின் வியாபார வேதமே அதில்தான் இருந்தது. "கல்யாணத்துக்குப் போகலன்னா நாலு நாள் கோவிச்சுக்கிடுவான், பெறவு சரியாயிருவான். துட்டி கேக்கப் போகலன்னா அவன் கட்டையில போற வரைக்கும் மறக்க மாட்டான், கேட்டியா?" என்பார். துட்டிக்குப் போவதில் சிதம்பரநாதன் மன்னன். எந்த வீட்டில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எந்த வீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எழுந்து புறப்படும்போது தவறிக்கூட "வாரேன்" என்று சொல்ல மாட்டார். சில வீடுகளில் நிஜமாகவே அழுதிருக்கிறார்.

தினமும் காலையில் கல்லாவில் சாமி கும்பிட்டு உட்கார்ந்ததும் அண்ணாச்சி கேட்கிற முதல் கேள்வி, "யார் வீட்டுலடே என்ன விசேஷம்?" சிதம்பரநாதன் நின்றபடியே ஒப்பிப்பார். யாருக்குச் சஷ்டியப்தபூர்த்தி, யார் மகள் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறாள், எந்தப் பள்ளிக்கூடத்தில் கலர் மாற்றப் போகிறார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் சைதாப்பேட்டையிலிருந்து எழுந்து குளித்து வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணாச்சியின் மகன் ராம்குமார் சிங்கப்பூருக்குப் போய்விட்டு வந்து கொடுத்த யோசனை அது. வாடிக்கையாளர் உறவைப் பேணுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம், பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம். உறவைப் பேண ஒரு பெட்டியா என்று சிதம்பரநாதன் சிரித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏ.சி. வைத்து, அதற்குள் பெட்டியை வைத்தார்கள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் திருவான்மியூரிலிருந்து ஹம்சா என்று ஒரு பெண் வேலைக்கு வந்தாள். சிரிப்பு நின்றது.

ஹம்சாவைக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய குறையாகப் போயிற்று. பி.காம். முடித்து ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்தவள். குரல் உயராது. வந்த முதல் நாளே அவரிடம்தான் வந்து நின்றாள். "சார், பேர், அட்ரஸ் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமாம். நீங்க சொல்லச் சொல்ல நான் ஏத்திக்கறேன். மெதுவா சொல்லுங்கோ."

அவர் சொன்னார். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் பேர், பதவி, விலாசம், போன் என்று ஒரு பகுதி. யார் யாருக்குச் சொந்தம், யார் சிபாரிசில் யார் வந்தார்கள் என்று ஒரு பகுதி. போய்ப் பார்த்தபோது என்ன பேசினோம் என்று எழுதிவைக்க ஒரு பகுதி. அடுத்து எப்போது போக வேண்டும் என்று அதுவே மணியடித்துச் சொல்லும் காலண்டர் ஒன்று. கடைசியாக, அத்தனை பேருக்கும் ஒரே கடிதத்தைப் பேர் மட்டும் மாற்றி அச்சடித்துத் தள்ளும் பகுதி. இத்தனை வருஷம் வெயிலில் அலைந்து சேர்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் வாயிலிருந்து இறங்கி அந்தத் திரைக்குள் போய் உட்கார்ந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்த அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அண்ணாச்சி சாமி கும்பிட்டு உட்கார்ந்தார். சிதம்பரநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அண்ணாச்சி கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பினார். "ஏம்மா ஹம்சா, இன்னைக்கு யார் வீட்டுல என்ன விசேஷம்?"

அவள் படித்தாள். அத்தனையும் இவர் சொன்னது. இவர் சொன்னதை இவருக்கு எதிரிலேயே அவள் சொல்ல, அண்ணாச்சி முதல் தடவை கேட்பதுபோல "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டினார். சிதம்பரநாதனுக்கு அடிவயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது. அதன் பேர் பொறாமை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பேர் தெரிந்ததால் அது ஒன்றும் குறையவில்லை.

பிறகு அது தினமும் வளர்ந்தது. அண்ணாச்சி அவளை "தாயி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாமல் தும்மினாள் என்று ஆள் அனுப்பி மிளகு பால் வாங்கிக் கொடுத்தார். இவர் டைபாய்டில் கிடந்தபோது இரண்டு ஆரஞ்சு வந்தது, அவ்வளவுதான். பேக்கிங் பார்க்கிற கலீமுல்லா வேறு வாய் சும்மா இருக்காதவன். "இன்னா சார், காலைல பேச்சே காணோம்? உன் பாட்ட அந்தப் பொண்ணு பாடிக்கினு கீது" என்று துணியைக் கட்டிக்கொண்டே சொன்னான். சிதம்பரநாதன் அவனிடம் மூன்று நாள் பேசவில்லை.

"அந்தப் புள்ள மேல உங்களுக்கு என்ன இம்புட்டு எரிச்சல்?" என்று மனைவி தங்கபுஷ்பம் கேட்டாள். "நம்ம மவ பூஜா வயசுதான இருக்கும்?"

"நான் என்ன சொன்னேன்? நல்ல புள்ளதான்" என்றார்.

"சோத்தப் பெசையுற பெசையிலயே தெரியுதே" என்றாள் அவள்.

ஆடி மாதம் அண்ணாச்சி ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அவர் குடும்பத்தோடு போயிருந்தார். அந்த வாரத்தில்தான் அனந்தராமனின் மனைவி காமாக்ஷி அம்மாள் காலமான செய்தி வந்தது. அனந்தராமன் மயிலாப்பூரில் மூன்று பள்ளிக்கூடங்களை நடத்தும் டிரஸ்டின் செயலாளர், கடைக்கு மிகப் பழைய வாடிக்கை. செய்தி கேட்டதும் சிதம்பரநாதன் மந்தைவெளிக்கு ஓடினார். வழக்கப்படி அண்ணாச்சியின் பேரைச் சொல்லித்தான் துக்கம் கேட்டார். "அண்ணாச்சி ஊர்ல இருக்காக. போன்ல ரொம்ப வருத்தப்பட்டாக. ஒடனே போய்ப் பாருன்னாக." அண்ணாச்சிக்கு அப்போது விஷயமே தெரியாது. ஆனால் தெரிந்திருந்தால் அதைத்தானே சொல்லியிருப்பார்? பதிலாகப் போகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பது அவர் கணக்கு. அனந்தராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி ஊரிலிருந்து திரும்பிய அன்று சொல்லத் தயாராகத்தான் வாசலில் காத்திருந்தார். காரிலிருந்து இறங்கிய அண்ணாச்சி நேரே கண்ணாடித் தடுப்புக்குள் போனார். கொடையில் கொண்டுவந்த குங்குமத்தையும் பனங்கற்கண்டையும் முதலில் ஹம்சாவின் கையில் கொடுத்தார். "இந்தா தாயி, அம்மன் பிரசாதம்." பிறகு கல்லாப்பெட்டிக்கு, பிறகு கட்டிங் மாஸ்டருக்கு, அதற்குப் பிறகுதான் இவருக்கு. சிதம்பரநாதன் குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அன்று நினைத்தார்.

மறுநாள் ஏதோ வேலையாகத் திரையைப் பார்த்தபோது அவருக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. பிறந்த நாளுக்கு அதில் ஒரு கட்டம் இருந்தது. கல்யாண நாளுக்கு ஒரு கட்டம். பிடித்த விளையாட்டு என்று எந்த வெள்ளைக்காரனுக்காகவோ ஒரு கட்டம்கூட இருந்தது. துட்டிக்குக் கட்டம் இல்லை. மனுஷன் செத்துப்போவான் என்ற எண்ணமே அதைச் செய்தவர்களுக்கு வரவில்லை போலிருக்கிறது. பல வாரங்களுக்குப் பிறகு சிதம்பரநாதனுக்கு மனசு குளிர்ந்தது. தானாக வாய் திறந்து அதற்குச் சொல்லிக் கொடுப்பானேன்? கேட்கட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்.

கேட்கவும் செய்தது. ஐப்பசி பிறந்ததும் அண்ணாச்சிக்கு ஓர் ஆசை வந்தது. இந்த வருஷம் எல்லா வாடிக்கைக்கும் தீபாவளி வாழ்த்து கம்ப்யூட்டரில் அச்சாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரி புருஷன், பெண்சாதி இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். கூடவே ஒரு ஸ்வீட் பாக்ஸ், அந்த வீட்டு அம்மாளுக்குக் கொடைக் குங்குமம் ஒரு பொட்டலம். ஹம்சா பெயர்களை எடுத்துக்கொண்டு இவரிடம் வந்தாள்.

"சார், ஒரு தடவை படிச்சுடறேன். தப்பு இருந்தா சொல்லிடுங்கோ. இதுல உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை."

படித்துக்கொண்டே போனாள். இரண்டு இடத்தில் இனிஷியலைத் திருத்தினார். ஒரு டாக்டர் வீடு மாறியதைச் சொன்னார். அதெல்லாம் மிகப் பொறுப்பாகச் செய்தார்.

"மந்தைவெளி, அனந்தராமன், காமாக்ஷி அனந்தராமன். சரிதானே சார்?"

ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்ததை அவர் விழுங்கினார். அண்ணாச்சி இவளைத் "தாயி" என்று கூப்பிடும் குரல் காதில் கேட்டது. போன் வரும், அண்ணாச்சி கொதிப்பார், பெட்டியும் முழிக்கும், அவளும் முழிப்பாள், "ஏ சிதம்பரம், நீ போய்ச் சரிபண்ணிட்டு வாடே" என்று அண்ணாச்சி தன்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

"சரிதாம்மா" என்றார்.

அவள் டிக் போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் போன் வந்தது. அண்ணாச்சியே எடுத்தார். எதிர்முனையில் பேசினது மிகவும் கொஞ்சம். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அனந்தராமன் சாரு. உங்க ஸ்வீட்ட வந்து எடுத்துண்டு போங்கோ, காமாக்ஷி இல்லைங்காரு. வச்சுட்டாரு." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அந்த அம்மா எப்படே தவறுனாவ? ஒனக்குத் தெரியுமா?"

நினைத்தபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கேள்வியை மட்டும் அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. "தெரியாதே அண்ணாச்சி!" என்று வாய் சொல்லிவிட்டது. "இப்ப நான் ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன். நான் பாத்துக்கிடுதேன், நீங்க வெசனப்படாதீக." வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டார்.

கண்ணாடித் தடுப்புக்குள் ஹம்சா வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவருக்கு இனித்தது. இனித்தது என்பதை மறைத்து என்ன பிரயோஜனம்?

"இதுக்கு ஆள் அனுப்ப முடியாதுடே" என்று அண்ணாச்சி எழுந்தார். "நானே வாரேன். தாயி, நீயும் வா. ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க."

எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை நாம் எல்லோரும் கேட்டுச் சிரித்திருக்கிறோம். மாருதி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சிதம்பரநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. தேனாம்பேட்டை சிக்னலில் இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லலாமா? உண்மையை இங்கேயே சொல்லிவிட்டால் என்ன? பின்சீட்டிலிருந்து ஹம்சா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வண்டி ஆழ்வார்பேட்டையைத் தாண்டி மந்தைவெளிக்கே வந்துவிட்டது.

அனந்தராமன் கதவைத் திறந்தார். முகச் சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. கூடத்து மேஜையில் ஸ்வீட் பாக்ஸ் பிரிக்காமல் இருந்தது.

"வாங்கோ. உக்காருங்கோ" என்றார். அண்ணாச்சி உட்காரவில்லை, கைகூப்பியபடி நின்றார். அனந்தராமன் கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அவர் ஆயாசமாகப் பேசினார். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. அன்னிக்கு இவர் வந்து எம்பக்கத்துல உக்காந்துண்டு இருந்தார். நீங்க ஊர்லேர்ந்து போன் பண்ணி ரொம்ப வருத்தப்பட்டேள்னார். மனசுக்கு அவ்வளவு ஆறுதலா இருந்தது. மூணே மாசத்துல மறந்துபோயிடுமா? அவ பேரைப் போட்டு, அவளுக்கே தீபாவளி வாழ்த்தா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்ப்பார் என்று சிதம்பரநாதன் காத்திருந்தார். அண்ணாச்சி திரும்பவில்லை. "தப்பு எங்க கடையோடது. மன்னிக்கணும்" என்றார்.

"நான்தான் மாமா பேரெல்லாம் எடுத்தேன்" என்றாள் ஹம்சா. குரல் உடைந்தது. "சரியா விசாரிச்சிருக்கணும். என் தப்பு."

அவள் விசாரித்தாள். சரியாகத்தான் விசாரித்தாள். இதோ, இப்போது சொல்லப்போகிறாள் என்று சிதம்பரநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றி வர வேண்டிய இடத்தில் அவருக்கு மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன பொறாமைதான் வந்தது. இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா!

அனந்தராமன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "அழாதே குழந்தை. குங்குமத்தை மட்டும் ஸ்வாமி உள்ள வெச்சுட்டேன். தூக்கிப் போட மனசு வரலை. ஸ்வீட்டை எடுத்துண்டு போயிடுங்கோ."

திரும்பி வரும்போது ஸ்வீட் பாக்ஸ் ஹம்சாவின் மடியில் இருந்தது. அண்ணாச்சி அன்றைக்கும் திட்டவில்லை, மறுநாளும் திட்டவில்லை. தீபாவளிக்கு வேட்டி சட்டை, போனஸ் எல்லாம் வழக்கம்போல் வந்தன. சிதம்பரநாதன் மெல்ல மெல்ல மூச்சு விட ஆரம்பித்தார். அண்ணாச்சிக்குப் பெரிய மனசு, பழகின பழக்கத்துக்காக விட்டுவிட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஹம்சா ஒருநாள் திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். அதை அவரிடம் காட்டவும் செய்தாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்துவிட்டார்.

கார்த்திகையில் சாந்தோமிலிருந்து செய்தி வந்தது. அங்கே ஒரு பள்ளியின் பழைய தலைமையாசிரியர் ராஜகோபாலன் இறந்துவிட்டார். சிதம்பரநாதன் செய்தியைக் கொண்டுவந்து அண்ணாச்சியிடமும் ஹம்சாவிடமும் உடனே சொன்னார். பிறகு மாடிக்குப் போய், துட்டிக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினார். வாசலில் வேன் நின்றது. அண்ணாச்சி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஹம்சா ஏறிக்கொண்டிருந்தாள்.

"நான் போய்ட்டு வந்திருதேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்றார் சிதம்பரநாதன்.

"நீ கடையில இருடே."

"அந்த வீட்டுல எல்லாருக்கும் என்னையத்தான் தெரியும். இத்தனை வருசமா துட்டிக்கு நான்தான போறேன்?"

அண்ணாச்சி ஜன்னல் வழியாக அவரையும் அவருடைய வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"நீ போனா நான் போன மாதிரின்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்டே. மந்தைவெளிக்கு நீ மட்டுந்தான் போயிருக்க."

வேன் புறப்பட்டு உஸ்மான் ரோட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டது. உள்ளே எங்கோ போன் அடித்துக்கொண்டிருந்தது. சிதம்பரநாதன் வாசலிலேயே நின்றார். வயிறு எரிந்தது. இந்தத் தடவை யார் மேல் எரிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.